இல்லை என்ற சொல்

தெலினின் இடது கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியவில்லை. சவக்கூடத்து ஆள் முழங்கையை மெதுவாக மடக்கிப் பார்த்தார், பிறகு கையை நீட்டிப் பார்த்தார். முன்கையில் கயிறு போலப் புடைத்திருந்த நரம்பு சட்டைக்கையில் தட்டி நின்றது.

"சின்னப் பையனுக்கு இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

"டயாலிசிஸ். மூணு வருஷமா" என்றாள் மின்ஷான்.

வெளியாள் ஒருவரிடம் அவள் அந்தச் சொல்லைச் சொல்வது இதுதான் முதல் தடவை. தம்பிக்குப் பதினேழு வயது. அந்த நரம்பைத் தொட்டால் உள்ளே வண்டு ரீங்கரிப்பது போலிருக்கும். "காதை வச்சுக் கேளேன்க்கா, உள்ள ஃபேன் ஓடுது" என்று கையை நீட்டுவான். இப்போது அது சும்மா கிடந்தது.

அம்மா எழுந்து வந்தாள். மின்ஷான் கொண்டுவந்திருந்த முழுக்கைச் சட்டையை வாங்கிக் கீழே வைத்தாள். தன் பையிலிருந்து வேறொரு சட்டையை எடுத்து நீட்டினாள்.

"அரைக்கையே போடுங்க. இந்த வெயில்ல பிள்ளைக்கு வேர்க்கும்."

தைவானின் தைச்சுங் நகரில் ஐந்து மாதமாக ஒரே வெக்கை. அந்த ஐந்து மாதமும் தெலின் முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தான். அக்கா கேட்டுக்கொண்டதற்காக.

இதே நோயில்தான் அப்பாவும் போனார். மின்ஷான் இரண்டு முறை பரிசோதனை செய்துகொண்டாள், அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அவளைக் கட்டிக்கொள்ள விரும்பிய வெய்ஷெங் தன் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பாவும் தம்பியும் என்றால் நாளை இவளுக்கும், இவள் பெறும் பிள்ளைக்கும் என்றுதானே கணக்குப் போடுவார்கள்? "கல்யாணம் முடியிறவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதடா" என்றாள். தெலின் தோளைக் குலுக்கினான். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் நான்கு மணி நேரம் இங்கிலீஷ் டியூஷன் போவதாக அவனே ஒரு கதை கட்டினான். "எங்க டியூஷன்ல நான்தான் கடைக்குட்டி. மத்தவங்க எல்லாம் எழுபது வயசு. பாதிப் பேர் வகுப்புலயே தூங்கிடுவாங்க" என்று வெய்ஷெங்கிடமே சொல்லிச் சிரிக்க வைப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வெய்ஷெங் வீட்டில் விருந்து. அம்மாவுக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று தம்பியை அழைத்துப் போனாள். மலையடிவாரத்தில் நட்சத்திரப்பழத் தோப்பு. ஒவ்வொரு பழத்துக்கும் காகிதப் பை கட்டியிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் வெய்ஷெங்கின் அம்மா பெரிய கண்ணாடி ஜாடியோடு வந்தாள். உப்பில் ஊறப் போட்டு வீட்டிலேயே எடுத்த நட்சத்திரப்பழச் சாறு.

ஊற்றப் போனவள் நின்றாள். "கிட்னி கோளாறு யாருக்கும் கிடையாதே? இருந்தா இது ஆகாது. புதுசா வர்றவங்களை நான் கேட்காம விடமாட்டேன்."

தெலின் அக்காவைப் பார்த்தான்.

"இல்லை அத்தை, எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றாள் மின்ஷான். சொல்லும்போது சிரித்தாள். அவன் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்வான், வாயில் வைத்தது போல நடித்துவிட்டுக் கீழே வைப்பான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் எதிரில் வெய்ஷெங்கின் அம்மா தன் சாறு எப்படியிருக்கிறதென்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெலின் மடமடவென்று குடித்தான். வருஷக்கணக்காகத் தண்ணீரை மூடியில் அளந்து குடிக்கிறவன். "அருமையா இருக்கு அத்தை" என்றான். அவள் மகிழ்ந்துபோய் இரண்டாவது தம்ளரும் ஊற்றினாள்.

திரும்பி வரும்போது வண்டியின் பின்னாலிருந்து, "ஒரு தடவைதானேக்கா. நாளைக்குத்தான் மெஷின் இருக்கே, கழுவிடும்" என்றான். மின்ஷானும் அதையே நம்பிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு விக்கல் ஆரம்பித்தது. அம்மா சர்க்கரையை நாக்கில் வைத்தாள், முதுகைத் தட்டினாள். விடிய விடிய நிற்கவில்லை. காலையில் வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன கிழமை என்று கேட்டால் மாதத்தைச் சொன்னான்.

டாக்டர் எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டார். "நட்சத்திரப்பழம் எதாவது சாப்பிட்டானா? சாறு, ஊறுகாய், எதுவானாலும் சொல்லுங்க."

"அந்தப் பழம் விக்கிற கடைப் பக்கமே போகமாட்டான் டாக்டர்" என்றாள் அம்மா.

மின்ஷான் திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வாயைத் திறந்தவளின் கண்ணில் வெய்ஷெங் பட்டான். கையில் சோயா பாலும் ரொட்டியுமாக நடைகூடத்தில் வந்துகொண்டிருந்தான். இன்னும் பத்தடி வந்தால் டாக்டர் பேசுவது அவன் காதில் விழும். அவள் திரையை இழுத்து மூடிவிட்டு வெளியே போனாள். "வயித்துல ஏதோ கோளாறாம். வா, கீழ போய் உட்காரலாம்" என்று அவன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

அவன் வேலைக்குக் கிளம்பியதும் மேலே வந்து டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொன்னாள். அதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது. தெலினுக்கு இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது.

"காலையிலயே கேட்டேனே" என்றார் டாக்டர். உடனே உள்ளே ஓடினார். மெஷின் தொடர்ந்து ஓடியது. புதன்கிழமை மத்தியானம் நிறுத்தினார்கள்.

அம்மாவிடம் டாக்டர் பழத்தைப் பற்றிச் சொன்னார். எங்கே சாப்பிட்டான் என்று அவருக்குத் தெரியாது. "எந்தக் கூட்டாளி வீட்டுலயோ" என்று அம்மா தானாகச் சொல்லிக்கொண்டாள். அக்கா பக்கத்தில் இருந்த விருந்தில் அவன் அதைத் தொட்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மின்ஷான் அதைத் திருத்தவில்லை.

சட்டை போட்டு முடித்து, பத்து மணிக்குச் சவக்கூடத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்கள் தெலினின் டியூஷன்காரர்கள். ஆறேழு கிழவர்களும் கிழவிகளும் வரிசையாக நின்று ஊதுவத்தி ஏந்தினார்கள். ஏந்திய கைகளில் எல்லாம் அதே புடைப்பு. "உனக்கு முன்னாடி நாங்கதானேடா போயிருக்கணும், திருட்டுப்பயலே" என்று ஒரு கிழவர் படத்தைப் பார்த்துத் திட்டினார்.

அவர்களுக்குப் பின்னால் வெய்ஷெங்கும் அவன் அம்மாவும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் கைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் பெட்டியருகே போய், அரைக்கைச் சட்டையில் கிடந்தவனைக் குனிந்து பார்த்தாள். திரும்பியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா" என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். "பிள்ளை எங்க வீட்டுலதான் குடிச்சான். நான்தான் ஊத்தினேன். ஒண்ணு போதும்னான், நான்தான் கேட்காம ரெண்டாவதையும்..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "யார் வந்தாலும் கிட்னி சரியா இருக்கான்னு கேட்டுட்டுத்தான் குடுப்பேன். அன்னைக்குக் கேட்டனா இல்லையா, ஞாபகமே வரமாட்டேங்குது. விருந்துக் கும்மாளத்துல மறந்துட்டேன் போல. பாவி நான், மறந்துட்டேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள்.

"கேட்டாங்களா?"

தம்பியோடு சேர்த்து எரிப்பதற்காக மடிக்கத் தொடங்கி, இன்னும் முடிக்காத காகிதத் தாமரை ஒன்று மின்ஷானின் கையில் இருந்தது. 'ஞாபகமில்லை' என்று சொல்லலாம். ஒருவரும் மறுக்க மாட்டார்கள், அந்த அம்மாளே கூட. வெய்ஷெங் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேட்டாங்க" என்றாள். "நான்தான் இல்லைன்னு சொன்னேன். டாக்டர் கேட்டப்பவும் வாயை மூடிக்கிட்டு வெளிய போனேன்."

கிழவர் இருமினார். அம்மா அழவில்லை, அடிக்கவில்லை. அந்த அம்மாளை நாற்காலியில் உட்கார வைத்து, பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி அவள் கையில் கொடுத்தாள். தம்ளர் சாயாமலிருக்கத் தன் கையையும் சேர்த்து வைத்துப் பிடித்துக்கொண்டாள். வெய்ஷெங் வெளியே போய் வெயிலில் நின்றான்.

பெற்றவள் பிள்ளையோடு தகனசாலைக்குப் போகக் கூடாது என்பது அங்கே வழக்கம். பெட்டியை மூடியதும் அம்மா வாசலோடு நின்றுவிட்டாள். மின்ஷான் சித்தப்பாவோடு வண்டியில் ஏறப் போனபோது, அவள் முகத்தைப் பார்க்காமலே அம்மா காலர் மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"அங்க நல்லா சத்தமா கூப்பிடு" என்றாள்.

தகனசாலையில் நான்காம் எண் கதவு. பெட்டி தண்டவாளத்தில் உள்ளே நகர்ந்தது. ஊழியர் விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "யாரு கூப்பிடறது? நெருப்பு வர்றதுக்கு முன்னாடி உயிர் வெளிய ஓடிடணும். பையனுக்குக் கேக்கணும், பயந்துடக் கூடாது."

மின்ஷான் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஊழியர் காத்திருந்தார்.

"தெலின்!" என்றாள். "நெருப்பு வருது, ஓடு!"

பொத்தான் அழுந்தியது. கதவு இறங்கியது. சித்தப்பா நெற்றியைத் துடைத்தபடி கையெழுத்துப் போடப் போனார். அடுத்த பெட்டிக்காரர்கள் பின்னால் வந்து வரிசையில் நின்றார்கள்.

"ஓடு தெலின்! நெருப்பு வருது!"

"போதும்மா, நகர்ந்துக்க" என்றார் ஊழியர். அவள் நகரவில்லை. மூடிய கதவைப் பார்த்து இன்னொரு தடவை கூப்பிட்டாள்.