பதினெட்டாம் திகதி குளோசிங்

செல்வரட்ணத்துக்குக் காது நல்ல கூர்மை. அறுபத்தொன்பது வயதில் முழங்கால் போய்விட்டது, முன்பல் இரண்டு போய்விட்டது, காது மட்டும் போகவில்லை. அதுவும் போயிருந்தால் அந்த வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், தேத்தண்ணி போடலாம் என்று கீழே தன் பேஸ்மென்ற் அறையிலிருந்து படியேறி வந்தவர் குசினிக் கதவடியில் நின்றுவிட்டார். உள்ளே மருமகள் நிரூபா யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் தம்பி, பதினெட்டாம் திகதி குளோசிங். திகதியை மாத்திப்போடாதைங்கோ. மாமாவுக்கு இன்னும் சொல்லேல்லை. அவர் நிக்காத நேரமாப் பாத்துத்தான் வரவேணும். நிண்டாரெண்டால் பிரச்சினை."

செல்வரட்ணம் வந்த படிக்கட்டாலேயே ஓசைப்படாமல் இறங்கினார். கட்டிலில் வந்து குந்தினார். குளோசிங் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மூன்று வருடத்துக்கு முன் வோபர்னில் இருந்த சொந்த வீட்டை விற்றவர் அவர். குளோசிங் என்றால் விற்ற வீட்டின் திறப்பை அடுத்தவன் கையில் கொடுக்கிற நாள். அதற்குப் பிறகு அந்த வாசலில் கால் வைப்பதென்றால் அவனைக் கேட்கவேண்டும். அந்த வீட்டை விட்டுவிட்டுத்தான் மகன் வினோதனோடு இருக்க இந்த ஸ்ரௌவ்வில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இதையும் விற்றால் தான் எங்கே போவது என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

வேறு மனிதர் என்றால் அன்றிரவே சாப்பாட்டு மேசையில் நேராகக் கேட்டிருப்பார். செல்வரட்ணம் அந்த வகை இல்லை. கேட்டால் மழுப்புவார்கள், கேட்காமல் கவனித்தால் பிடிபடுவார்கள் என்பது அவருடைய கட்சி. அன்றிலிருந்து வீட்டுக்குள் ஒரு பொலிஸ்காரர் குடியிருந்தார்.

மூன்றாம் நாளே பேஸ்மென்ற் யன்னலில் ஒன்று அகப்பட்டது. வெள்ளை வான் ஒன்றில் வந்த ஒரு பெடியன் பின்வளவுக்குள் போய் நாடா பிடித்து அளந்தான். நீச்சல் குளத்தைச் சுற்றி நடந்து நடந்து போனில் படம் எடுத்தான். வீட்டை விற்பனைக்குப் போடுகிறவர்கள் இப்படித்தான் படம் எடுப்பார்கள்.

"ஆர் பிள்ளை உவன்?" என்று கேட்டார்.

"அது சும்மா மாமா. ஏதோ கேட்டுப்போக வந்தவன்" என்றாள் நிரூபா. சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை. சும்மா வருகிறவன் நாடாவோடு வருவானா என்று செல்வரட்ணம் தனக்குள் கேட்டுக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குளத்தின் விஷயம். குளிர்காலம் தொடங்குமுன் அதை மூடவேண்டும். 'பூல் மூடுறது' என்று அவர் சொல்லுகிற அந்த வேலையைப் போன வருடம் அவரேதான் செய்தார். மற்றவர்கள் பாதித் தண்ணீரை உள்ளேயே விட்டுவிட்டு, குழாய்களுக்குள் காற்றடித்து, மருந்து ஊற்றி, பெரிய பாடுபடுவார்கள். செல்வரட்ணத்தின் கணக்கு வேறு. தண்ணீர் இருந்தால்தானே உறையும்? மோட்டர் வைத்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறைத்துவிட்டு, மேலே தறப்பாள் போட்டார். ஏப்ரலில் திறந்தபோது உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் உறை சுருங்கி நாலு இடத்தில் வெடித்திருந்தது. "அது பழசு அப்பா" என்று சொல்லி வினோதன் புது உறை போட்டான். பழசுதான் என்று அவரும் விட்டுவிட்டார்.

இந்த வருடம் மேப்பிள் இலை கொட்டத் தொடங்கியும் வினோதன் அசையவில்லை. "பூல் மூடுவமே தம்பி?" என்று கேட்டால், "பிறகு பாப்பம் அப்பா" என்றான். குழாய்வாய் அடைக்கிற றப்பர் மூடிகளைத் தானே எடுத்து வைக்கலாம் என்று கராஜுக்குப் போனால் அவற்றைக் காணவில்லை. செல்வரட்ணத்துக்கு எல்லாம் வெளித்துவிட்டது. விற்கப்போகிற வீட்டின் குளத்தை எவன் மூடுவான்?

மிச்சச் சந்தேகத்தை வினோதனே தீர்த்துவைத்தான். பதினாறாம் திகதி இரவுச் சாப்பாட்டில் மெல்லத் தொடங்கினான்.

"அப்பா, சனிக்கிழமை ஒஷாவாவிலை யோசப் அங்கிளிட்டை ஒருக்காப் போட்டு வாங்கோவன். நான் கொண்டுபோய் விடுறன். ஆறுதலா நிண்டு பின்னேரம் வரலாம்."

"சனிக்கிழமை என்ன திகதி?"

"பதினெட்டு."

நிரூபா உடனே எழும்பிப் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்து எதையோ தேடினாள். செல்வரட்ணம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். பெற்ற பிள்ளை தகப்பனைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட நாள் குறித்துவிட்டானே என்று நெஞ்சு கொதித்தது.

கீழே வந்ததும் பழைய சிநேகிதன் யோசப்புக்குப் போன் அடித்தார். முதல்நாளிலிருந்து நடந்ததெல்லாம் சொன்னார். நடக்காததும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், ஆத்திரத்தில் கதைக்கிறவருக்கு அளவு தெரிவதில்லை.

"நீ யோசியாதை மச்சான்" என்றான் யோசப். "மேலை ஒரு அறை சும்மாதான் கிடக்கு. உடுப்பை எடுத்துக்கொண்டு வா."

"ஒருத்தருக்கும் வாய் திறந்துபோடாதை."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்? என்ரை மனிசி மரியம்மாவுக்கு மட்டும் சொல்லுறன்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செல்வரட்ணம் வெளிக்கிட்டு நின்றார். பெரிய சூட்கேஸ் நிரம்பி, பூட்டாமல் கட்டிலில் கிடந்தது. வினோதன் காருக்குப் பெற்றோல் அடிக்கப் போயிருந்தான். அவர் போன பிறகு, பதினொரு மணிக்கு வரவேண்டிய வெள்ளை வான் அப்போதே வந்து வாசலில் நின்றது. அன்றைக்குப் படம் எடுத்த பெடியனும் இன்னொருவனும் இறங்கினார்கள். செல்வரட்ணம் முழங்கால் நோவையும் பாராமல் படியேறி, முன்கதவைத் திறந்து குறுக்கே நின்றார்.

"நீர்தானே குளோசிங்குக்கு வந்தது?"

"ஓம் அங்கிள்" என்றான் பெடியன், கொஞ்சமும் மறைக்காமல்.

"வீட்டுக்காரர் இன்னும் சாகேல்லை, தெரியுமோ? உள்ளுக்கை ஒருத்தரும் வரேலாது!"

பெடியன் முழித்தான். "உள்ளுக்கை வரத் தேவையில்லை அங்கிள். பின்பக்கக் கேற்றைத் திறந்துவிட்டால் காணும். பூல் குளோசிங்தானே."

வானிலிருந்து மற்றவன் காற்றடிக்கிற மெசினை இறக்கினான். சுருட்டிய குழாய் வந்தது. றோசாநிற மருந்துக் கலன்கள் நாலு வந்தன. அளவெடுத்துத் தைத்த புதுத் தறப்பாள் ஒன்று மடித்தபடி வந்தது. செல்வரட்ணம் கதவைப் பிடித்தபடி ஒவ்வொன்றையும் பார்த்தார். பூல் மூடுவதற்குக் குளோசிங் என்று பெயர் வைத்தவன் எவனோ, அவன்மேல் பெரிய கோபம் வந்தது. அது போன பிறகு வெட்கம் வந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த நிரூபா, வந்தவர்களைப் பின்பக்கம் அனுப்பிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"போன முறை நீங்கள் தண்ணி முழுக்க இறைச்சதாலைதான் மாமா அந்த உறை வெடிச்சது. அதுக்குள்ளை தண்ணி நிக்கவேணுமாம். சொன்னால் உங்களுக்கு மனம் நோகும் எண்டு இவர் சொல்ல விடேல்லை. மூடியளையும் இவர்தான் ஒளிச்சு வைச்சவர். நீங்கள் ஒஷாவாவுக்குப் போட்டு வாறதுக்குள்ளை முடிச்சுப்போடுவம் எண்டு நினைச்சம். ஏசாதைங்கோ."

"சரி பிள்ளை, சரி" என்றார் அவர். அத்தோடு ஒருவழியாக முடிந்திருக்கும். ஆனால் நிரூபா, அவருடைய குளிர்ச்சட்டையை எடுத்து வருகிறேன் என்று கீழே போய்விட்டாள். அவர் பின்னால் இறங்கி வருவதற்குள் அவள் கட்டிலடியில் நின்றாள். சூட்கேஸில் உடுப்பெல்லாம் இருந்தது. மருந்துப் பெட்டி, பாஸ்போட், துவாயில் சுற்றிய, காலஞ்சென்ற மனைவியின் படம். சுவரில் ஆணி மட்டும் தெரிந்தது.

"ஒரு நாளைக்குப் போறவருக்கு மாமியின்ரை படம் எதுக்கு?"

செல்வரட்ணம் சூட்கேஸ் மூடியைச் சாத்தப் போனார். அவள் அவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள்.

"வீட்டை விக்கிறம் எண்டு நினைச்சனீங்களோ? உங்களைக் கொண்டுபோய் விட்டிட்டு?" அவள் குரல் உடைந்தது. "இரண்டு கிழமையா நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு என்னை உப்பிடியே நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?"

அவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த வீட்டை இழந்துவிடுவேன் என்று இரண்டு கிழமை பயந்தவர், இப்போதுதான் உண்மையாக இழக்கப்போகிறோமோ என்று பயந்தார்.

"ஆருக்கும் சொன்னனீங்களோ மாமா?"

"சீச்சீ. ஒருத்தருக்கும் இல்லை."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் கையிலிருந்த போன் அடித்தது. வோபர்னிலிருந்து அவளுடைய தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"எடி நிரூபா, வீட்டை வித்துப்போட்டியளாம்? கோயிலிலை மூண்டு பேர் கேட்டிட்டினம்! அந்த மனிசனைப் பெட்டி கட்டி ஒஷாவாவுக்கு அனுப்புறியளாம். பெண்சாதி இல்லாத மனிசன். உன்னை நான் உப்பிடியே வளத்தனான்? எனக்கு வெளியிலை தலை காட்டேலாமல் கிடக்கு."

நிரூபா அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. போனைக் கையில் வைத்தபடி படத்தைத் துவாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். பின்வளவில் மெசின் இரையத் தொடங்கியது.

"என்ன பேசாமல் நிக்கிறாய்? பொய்யெண்டால் பொய்யெண்டு சொல்லு. எந்த நாசமாய்ப் போனவன் உந்தக் கதையைக் கிளப்பினவன்? பேரைச் சொல்லு, நான் கேக்கிறன்."

மரியம்மாவின் பெயர் அவர் நாக்கு நுனிவரை வந்தது. யோசப்பின் பெயரும் வந்தது. செல்வரட்ணம் கையை நீட்டி மருமகளிடமிருந்து போனை வாங்கினார்.

"நான்தான் தங்கச்சி" என்றார்.