நேராத நேர்த்தி

இன்றைக்கு நாற்பத்தேழு. இன்னும் ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு எதைச் சொல்லிக்கொண்டு வாசல் படலையைத் திறப்பது?

உரும்பிராயிலிருந்து கோப்பாய் வரைக்கும் தக்சாயினி இந்தக் கேள்வியை மனதுக்குள் உருட்டிக்கொண்டே நடந்தாள். கால்கள் தம்பாட்டில் போய்க்கொண்டிருந்தன. இருபுறமும் வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் ஒவ்வொன்றாகச் சத்தம்போடத் தொடங்கின.

நடக்கத் தொடங்கிய முதல் நாளே ஒரு பொய் வாயில் வந்துவிட்டது. இரத்தத்தில் சீனி கூடி, சீனி வருத்தம் வாசல்வரை வந்துவிட்டது, தினமும் ஒரு மணித்தியாலம் நடந்தால் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லியிருந்தார். அவளும் நடக்கத்தான் வெளிக்கிட்டாள். ஒழுங்கையைத் தாண்டவில்லை, கனகலிங்கம் அண்ணையின் ஓட்டோ பக்கத்தில் வந்து நின்றது.

"என்ன தங்கச்சி, விடியக் காலமை? ஏறுங்கோ, இறக்கி விடுறன்."

"வேண்டாம் அண்ணை. நடந்து போறன்."

"காசு வேண்டாமம்மா, சும்மா ஏறுங்கோ."

"இல்லை அண்ணை, நடக்கவேணும்."

அவர் எஞ்சினை நிறுத்தினார். "ஏன் பிள்ளை, வீட்டிலை ஏதும் பிரச்சினையே?"

இந்த ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் தெருவில் நடப்பதில்லை. பஸ் தவறியிருக்க வேண்டும், அல்லது வீட்டில் சண்டை பிடித்திருக்க வேண்டும். புருசன் சிவகரனோடு கோபித்துக்கொண்டு போகிறாள் என்ற செய்தி அவருடைய முகத்தில் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டதை அவள் கண்டாள். அந்தப் பதற்றத்தில் சொன்னாள்: "நேர்த்தி அண்ணை. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அம்மன் கோயிலுக்கு நடந்தே போறதெண்டு."

அவர் ஹாண்டிலை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் கோயில்வரை போய்த் திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. சிவகரனின் தாய் பராசக்தி திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். "நேர்த்தி எண்டால் முதலே சொல்லக்கூடாதே? இனிக் காலமைச் சமையலை நான் பாக்கிறன். நீ துடக்கு, தீட்டு ஒண்டும் படாமல் போட்டு வா."

மறுநாளிலிருந்து வீடே வேறு வீடாகிப்போனது. மாமி புட்டு அவித்தார். பதினேழு வருசமாகத் தேயிலைப் பேணி எங்கே இருக்கிறது என்று தெரியாத சிவகரன் தேத்தண்ணி போட்டான், மகன் செந்தூரனை எழுப்பிக் குளிக்கவார்த்துப் பள்ளிக்கூட வான் வண்டியில் ஏற்றினான். பதினோராம் வகுப்புச் சாதாரண தரச் சோதனைக்குப் படிக்கும் மகள் ஆரபி தன் இரட்டைப் பின்னலைத் தானே பின்னிக்கொண்டாள். மாத விலக்கு நாட்களில் தக்சாயினி வீட்டோடு இருந்துவிட்டு, அந்த நாட்களைக் கடைசியில் கூட்டி நடந்தாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தான் கேட்டிருந்தால் கிடைத்திராத ஒரு மணித்தியாலம், அம்மன் கேட்டதால் கிடைத்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். சில நாட்களுக்குப் பிறகு அந்த நினைப்பே அவளைக் குத்தியது. கேட்டிருந்தால் கிடைத்திராது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒருநாளும் கேட்டதில்லையே.

செருப்போடு நடந்து குதிக்கால் நொந்தபோது, கூட வேலைசெய்யும் நிரோஜினி கடைக்குக் கூட்டிப்போய் நாடா கட்டும் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வாங்க வைத்தாள். நேர்த்திக்குப் போகிறவள் சப்பாத்துப் போடலாமா? தக்சாயினி அதைப் பையில் ஒளித்துக்கொண்டு போய், பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் படியில் இருந்து மாற்றிக்கொள்வாள். கோயிலுக்குத் திரும்பும் முடக்கில் கழற்றிவிடுவாள். சன்னிதியில் இரண்டு நிமிசம் நிற்பாள். "அம்மாளாச்சி, உன்ரை பேரைச் சொல்லிப்போட்டன், கோவியாதை" என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கத் தோன்றியதில்லை.

நாற்பத்தேழாம் நாள் அவள் திரும்பி வந்தபோது சிவகரன் செந்தூரனின் சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நாளையோடை முடியுது என்ன?" என்றான். "அப்பாடா. நாளையிண்டையிலை இருந்து வழமைபோலை. உவனைப் பள்ளிக்கூட வானிலை ஏத்துறதுக்குள்ளை எனக்குச் சீவன் போகுது."

"அப்பா சோக்ஸை மாறிப் போட்டு விடுறவர், அம்மா" என்றான் செந்தூரன்.

அவள் சிரித்தாள்.

அன்று அலுவலகத்தில் இரண்டாம் மாடிக்கு ஒரு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். மேலே போய் நின்ற பிறகுதான் கவனித்தாள், வழி முழுவதும் நிரோஜினியோடு கதைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். முன்பு பாதிப் படியில் நின்று, சீலையைச் சரிசெய்வதுபோலப் பாசாங்கு செய்து மூச்செடுப்பாள். இப்போது நெஞ்சு தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. இதை விடமுடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆசையாகத் தோன்றவில்லை. பசி எடுப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகத் தோன்றியது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மாமி அடுப்பெரியும் குசினிக்குள் சுளகில் பயறு போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நேர்த்தி முடியுதெல்லே, நாளைக்குக் கோயிலிலை பொங்கல்" என்றார். "ஐயரோடை கதைச்சிட்டன். பக்கத்து வீட்டு இராசமலரையும் வரச்சொல்லிப்போட்டன். ஐயர் கேட்டவர், என்னத்துக்கு நேர்ந்தது, சங்கற்பத்திலை சொல்லவேணுமாம். என்னெண்டு சொல்லுறது?"

தக்சாயினி பையைக் கீழே வைத்தாள். கனகலிங்கம் அண்ணைக்குச் சொல்லலாம். ஊருக்குச் சொல்லலாம். பேரும் நட்சத்திரமும் சொல்லி, பூவும் தண்ணீரும் கையில் வைத்துக்கொண்டு அம்மனுக்கு எப்படிச் சொல்வது?

"மாமி, நேர்த்தி ஒண்டுமில்லை."

மாமியின் விரல்கள் பயறுக்குள் நின்றன.

"எனக்குச் சீனி வருத்தம் வரப்பாக்குது எண்டு டொக்டர் சொன்னவர். நடக்கத்தான் போனன். கனகலிங்கம் அண்ணை கேட்டவுடனை வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன். பிறகு மாத்தத் தெரியேல்லை."

மாமி ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆரடி நேர்த்திக்குப் போறது?"

தக்சாயினி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"கனகலிங்கத்தின்ரை பெண்சாதி எப்பவோ வந்து சொல்லிப்போட்டாள். பூட்டின கடையடியிலை குந்தியிருந்து நாடா கட்டுறாளாம் உங்கடை மருமேள் எண்டு. அம்மாளாச்சி இப்ப சப்பாத்தும் கேக்கிறாவோ எண்டு நக்கல் வேறை."

"அப்ப… ஏன் மாமி ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டால் நடக்கிறதை விட்டிடுவாய்." மாமி சுளகை ஒருமுறை புடைத்தார். "கிணத்தடியிலை இருந்து ஒரு வாளி தண்ணி கொண்டுவர உனக்கு மூச்சு வாங்கினது. எனக்குக் கண் தெரியாதே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்தும் நீர் வந்தது. பயந்து பயந்து காவிச் சுமந்துகொண்டு திரிந்த பொய் இந்தக் குசினிக்குள் எப்போதோ அவிழ்ந்து கிடந்திருக்கிறது. மாமிக்கும் வாயோரம் துடித்தது. "சிரியாதை, பயறுக்குள்ளை எச்சில் விழுந்திடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இனி நான் சொல்லுறதைக் கேள். சும்மா நடக்கிறன் எண்டால் ஊர் ஒருமாதிரிக் கதைக்கும். சிவகரனும் ஏன் எதுக்கு எண்டு நிப்பான். ஆரபிக்குச் சோதினை வருகுதெல்லே? அவளுக்காண்டி இன்னொரு மண்டலம் எண்டு நாளைக்கே நேர்ந்துகொள். ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். அது முடிய, செந்தூரனுக்கெண்டு நேர ஏதும் வராமலே போகப்போகுது?"

நல்ல யோசனைதான். அன்பான யோசனையும்கூட. மண்டலம் மண்டலமாக வருசங்கள் ஓடிவிடும். ஒவ்வொரு காலையும் யாருக்காகவோ நடக்கலாம். ஆரபி குறைந்த பெறுபேறு எடுத்தால், அம்மாவின் நேர்த்தியில்தான் ஏதோ பிழை என்பார்கள். நல்ல பெறுபேறு எடுத்தால், அதில் பாதி அவளுடையதில்லை என்பார்கள்.

படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது. "வாறான்" என்றார் மாமி. "சரியே? சொல்லிவிடு."

சிவகரன் ஹெல்மெட்டைக் கழற்றியபடி குசினி வாசலில் வந்து நின்றான். இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன, ரெண்டு பேரும் அழுதனியளோ சிரிச்சனியளோ? பொங்கலுக்கு ஏதும் வாங்கவேணுமே?"

"அது கிடக்கட்டும்" என்றார் மாமி. "இவள் ஆரபின்ரை சோதினைக்கும் ஒரு மண்டலம் நடக்கப்போறாளாம். என்ன பிள்ளை? ஓமெண்டு சொல்லன்."

சிவகரன் கதவு நிலையில் சாய்ந்தான். அவன் முகத்தில் களைப்பு இருந்தது. ஆனால் மறுக்க மாட்டான். சாமிக்கு என்றால் மறுக்கவே மாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இல்லை மாமி" என்றாள் தக்சாயினி, மெதுவாக. பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"நேர்த்தி ஒண்டுமில்லையப்பா, முதலும் இருக்கேல்லை. என்ரை உடம்புக்குத்தான் நடந்தனான். நாளைக்கும் நடப்பன், நாளையிண்டைக்கும் நடப்பன். சோதினைக்கு ஆரபி படிக்கட்டும்."