நட்புக் கயிறு

பேச்சிராஜ் கைபேசியைத் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, திரையை விரலால் தட்டினார்.

"இது என்னட்டி?"

ஜெயபிரியா எட்டிப் பார்த்தாள். கென்யாவில் கிசுமு என்ற ஊரின் பள்ளிக்கூடம். வகுப்பறையில் பிள்ளைகள் வரிசையாக நின்று சிரித்தபடி கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லார் மணிக்கட்டிலும் ஒரு கயிறு. ஊதா, வெள்ளை, நீலம், ஆரஞ்சு என்று நான்கு நிற நூலையும் ஒன்றாக முறுக்கிப் பின்னிய கயிறு. படத்துக்குக் கீழே 'தென்காசித் தோழிகளுக்கு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"எங்க கூட டிபேட் பண்ணுத ஸ்கூலுப்பா."

"அது தெரியுது. ஊதாவும் வெள்ளையும் யாரு கயிறு?"

"நம்ம கயிறு."

"நீலமும் ஆரஞ்சும்?"

அடுப்படியில் ஜெயபிரியாவின் அம்மா சங்கரேஸ்வரி தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"விடிஞ்சதுலேருந்து சங்கத்து குரூப்புல இதான் ஓடுது. செயலாளர் மவ, நம்ம கயித்தயும் அவனுவ கயித்தயும் ஒண்ணா முறுக்கி ஆப்பிரிக்காக்காரன் கையில கட்ட வச்சிட்டாளாம். எவனெவனோ கேக்கான். நான் என்ன பதில் சொல்லணும், நீயே சொல்லு."

பேச்சிராஜுக்குக் குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் ஒரு லாட்ஜ் இருந்தது. அவர் அப்பா காலம் வரை நெல் விவசாயம். வயலை விற்று லாட்ஜைக் கட்டியவர் பேச்சிராஜ்தான். தங்கள் சாதிச் சங்கத்துக்கு அவர் செயலாளர். மகள் மீது உயிரை வைத்திருந்தார். போன வாரம் முதல் சுற்று விவாதத்தின் வீடியோ வந்தபோது, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அதை அனுப்பி, "எம் மவ வெள்ளைக்காரி மாதிரி பேசுதா பாருங்க" என்று சொல்லிக்கொண்டவரும் அவர்தான்.

அந்த விவாதத் திட்டத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது ஆங்கில ஆசிரியை ஜாய். பல நாட்டுப் பள்ளிகள் இணையத்தில் ஜோடி சேர வேண்டும். முதலில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்தே தகவல் திரட்டுவார்கள். பிறகு எதிரெதிர் அணியாகி வாதாடுவார்கள். தென்காசிக்குக் கிடைத்த ஜோடி கிசுமு. கிடைத்த தலைப்பு: 'பள்ளிச் சீருடை மாணவர்களைச் சமமாக்குகிறது'. தென்காசி ஆதரித்துப் பேச வேண்டும், கிசுமு மறுத்துப் பேச வேண்டும்.

ப்ளஸ் ஒன் வகுப்பில் தயங்காமல் ஆங்கிலம் பேசியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஜெயபிரியா. மற்றவள் இசக்கி. இசக்கியின் அப்பா புளியறையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். ஒரே வகுப்பில் இருந்தும் இந்தத் திட்டம் வரும்வரை இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ஜெயபிரியா கையில் ஊதாவும் வெள்ளையும் கலந்த கயிறு. இசக்கி கையில் நீலமும் ஆரஞ்சும். யார் எந்தப் பெஞ்சு என்பதை அந்தக் கயிறுகளே சொல்லிவிடும். கயிறு கட்டி வரக் கூடாது என்ற சுற்றறிக்கை தலைமையாசிரியர் அறை வாசலில் ஒட்டியிருந்தது. கயிறு கட்டிய கைகள் அதை உரசிக்கொண்டு தினமும் போய்வந்தன. கழற்றச் சொன்னால் எந்த அப்பா எந்தக் கூட்டத்தோடு வந்து நிற்பாரோ என்று தலைமையாசிரியருக்குப் பயம்.

முதல் சுற்றில் கிசுமுப் பெண் அச்சியெங் ஒரு கேள்வி கேட்டாள். "நீங்கள் இரண்டு பேரும் ஒரே சீருடை போட்டிருக்கிறீர்கள். ஆனால் கையில் மட்டும் வேறு வேறு நிறத்தில் ஏதோ கட்டியிருக்கிறீர்களே, அது என்ன?"

கேமராவில் தெரியாமல் ஓரமாக நின்ற தலைமையாசிரியர் குனிந்து, "பிரண்ட்ஷிப் பேண்டுன்னு சொல்லும்மா" என்று கிசுகிசுத்தார். ஜெயபிரியா அப்படியே சொன்னாள். அச்சியெங்குக்கு மிகவும் பிடித்துப்போனது. நாங்களும் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். தாராளமாக என்று ஜெயபிரியா சொல்லிவிட்டாள்.

அன்று சைக்கிள் ஸ்டாண்டில் இசக்கி அவளை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பிரண்ட்ஷிப் பேண்டா?"

"சார் சொல்லச் சொன்னாவ. நான் என்ன செய்ய?"

"ஒன் கையப் பத்தி நீ என்னத்தையும் சொல்லிக்கோ. என் கையயும் சேத்துல்ல சொன்ன. நான் இத ஏன் கட்டிருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஜெயபிரியா தலையசைத்தாள்.

"போன வருசம் எங்க அண்ணன் பஸ்ல சீட்ட விட்டு எந்திரிக்கலன்னு, எறங்குன எடத்துல வச்சு அடிச்சானுவ. அடிச்சவனுவ கையில பூரா ஒன் கயிறுதான். மறுநா அண்ணன் எனக்கு இதக் கட்டிவிட்டான். நீ தனியா இல்லன்னு பாக்கவனுக்குத் தெரியட்டும்னான். இதுல பிரண்ட்ஷிப்பு எங்கன இருக்கு?"

அந்தக் கேள்வி நாலைந்து நாளாக ஜெயபிரியாவோடு சுற்றிக்கொண்டிருந்தபோதுதான், நாலு நிறக் கயிறு கட்டிய கிசுமுப் பிள்ளைகளின் படம் பள்ளியின் பக்கத்தில் வந்தது. அங்கிருந்து சங்கத்துக் குழுவுக்குப் போய், இப்போது தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

"ஹெட்மாஸ்டர்ட்ட பேசிட்டேன்" என்றார் பேச்சிராஜ். "கடைசி ரவுண்டுக்கு ஒன் கூட வேற பிள்ள உக்காரும். அந்தப் பிள்ள வேண்டாம்."

"அவ என்னப்பா செஞ்சா? கயிறு பிரண்ட்ஷிப் பேண்டுன்னு பொய் சொன்னது நான்."

"ஒண்ணும் செய்யல. சேத்து வச்சுப் பாத்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுதான், அவ்வளவுதான். நமக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்லா."

"லாட்ஜுல ரூம் கேட்டு வாறவன் கையப் பாத்தாப்பா சாவி குடுக்கீய?"

பேச்சிராஜ் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார். "அது யாவாரம். வாய் கூடிப்போச்சு ஒனக்கு" என்று சொல்லிவிட்டு கைகழுவப் போனார்.

பள்ளியில் தலைமையாசிரியர் இசக்கியை அழைத்து, "ஒனக்கு வீட்டுல வேல இருக்கும், பாவம். கடைசி ரவுண்ட வேற ஆளு பாத்துக்கிடட்டும்" என்றார்.

"எனக்கு ஒரு வேலையும் இல்ல சார்" என்றாள் இசக்கி.

ஜெயபிரியா அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "இசக்கி இல்லன்னா நான் பேசல சார்."

ஜாய் டீச்சர், பதிவு செய்த பெயர்களைக் கடைசி நேரத்தில் மாற்ற விட மாட்டார்கள், பள்ளி போட்டியிலிருந்து விலகியதாகத்தான் போடுவார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தலைமையாசிரியர் நெற்றியைத் தேய்த்தார். பள்ளி விலகியதென்று வெளியே தெரிந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது.

"சரி, ரெண்டு பேருமே உக்காருங்க. ஆனா கைய மேசைக்குக் கீழ வச்சுக்கிடணும். மேல எடுக்கப்படாது. கயிறப் பத்திப் பேச்சே வரக் கூடாது."

மதியத்துக்கு மேல் கம்ப்யூட்டர் அறையில் கடைசிச் சுற்று தொடங்கியது. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. நடுவர்கள் வேறு வேறு நாட்டிலிருந்து சின்னச் சின்னச் சதுரங்களில் தெரிந்தார்கள். கிசுமுப் பிள்ளைகள் எல்லாரும் கயிறு கட்டியிருந்தார்கள். அச்சியெங் தன் வாதத்தின் நடுவில் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"எங்களையும் தென்காசிப் பிள்ளைகளையும் இணைத்தது சீருடை இல்லை. அவர்கள் சொல்லிக்கொடுத்த இந்த நட்புக் கயிறுதான்."

தலைமையாசிரியர் கேமராவுக்கு வெளியே நின்று மகிழ்ச்சியோடு தலையாட்டினார்.

அடுத்தது இசக்கியின் முறை. அவள் மேசைக்குக் கீழே இருந்த கைகளை எடுத்து மேலே வைத்தாள். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். ஜெயபிரியா இசக்கியின் கையைப் பார்த்தாள். பிறகு தன் கைகளையும் எடுத்து அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"முதலில் நான் பேசிவிடுகிறேன்" என்று ஜெயபிரியா ஆங்கிலத்தில் தொடங்கினாள். "போன முறை பொய் சொன்னது நான். இது நட்புக் கயிறு இல்லை. நான் எந்தச் சாதி என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிவதற்காக என் கையில் கட்டியது. இவள் கையில் இருப்பது இவள் சாதியின் கயிறு. எல்லாரும் ஒரே சட்டை போட்டுவிட்டால் யார் யாரென்று தெரியாமல் போய்விடுமே. அதற்காகத்தான் இது."

தலைமையாசிரியர் இணைப்பைத் துண்டிக்கும்படி சைகை காட்டினார். ஜாய் டீச்சர் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இசக்கி தன் அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் அடிபட்டதைச் சொன்னாள். "நீங்கள் நாலு நிறத்தையும் ஒன்றாக முறுக்கியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு கயிற்றை யாரும் கட்டியதில்லை. உங்களுக்கு நன்றி. ஆனால் அது எங்கள் கயிறு இல்லை, நீங்களே செய்தது" என்று முடித்தாள்.

அச்சியெங் தன் கையைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்களுக்குக் கயிறு தேவைப்படாது. கடைசிப் பெயரைச் சொன்னால் போதும், எந்த இனம் என்று தெரிந்துவிடும். தேர்தல் சமயத்தில் இனச் சண்டை வரும், வெளியே போனால் அந்தப் பெயரைச் சொல்லாதே என்று என் அம்மா சொல்லி அனுப்புவார்." சற்று நிறுத்தி, "ஆனாலும் இது விவாதம். சீருடை சமமாக்கவில்லை என்பதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்" என்றாள். அவள் முகத்தில் வருத்தமும் சிரிப்பும் சேர்ந்தே இருந்தன. ஜெயபிரியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நடுவர்கள் கிசுமுவுக்கே வெற்றி என்று அறிவித்தார்கள்.

"ஜெயிச்சிருக்க வேண்டிய போட்டி. சொந்த வாயாலயே தோத்துட்டு வந்து நிக்கீங்க" என்றார் தலைமையாசிரியர். "இனி நான் ஊருக்கெல்லாம் பதில் சொல்லணும்."

ஜெயபிரியா ஜாய் டீச்சரிடம் கத்தரிக்கோல் கேட்டாள். அவர் எதற்கு என்று கேட்காமல் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் தன் கயிற்றை வெட்டினாள். கத்தரிக்கோலை இசக்கியிடம் நீட்டினாள். இசக்கி வாங்கவில்லை.

"நீ வெட்டுனா ஒங்கப்பா ஏசுவாவ, அம்புட்டுத்தான். நான் வெட்டுனா நாளைக்கு பஸ்ல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. அடிச்சவனுவ மொதல்ல கழட்டட்டும்ட்டி. அப்புறம் நான் கழட்டுதேன்."

அதுதான் நியாயம் என்று ஜெயபிரியாவுக்குப் பட்டது. கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே குடையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். கடைவாசல்களில் ஒதுங்கி நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தார்கள்.

மறுநாள் காலையில் சங்கத்துத் தலைவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வீடியோவை எல்லாரும் பார்த்திருந்தார்கள். காபி குடித்தார்கள். சத்தம் போடவில்லை. போகும்போது ஒரு முடிவைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பேச்சிராஜ் மகளைக் கூப்பிட்டார். கயிறு இல்லாத அவள் மணிக்கட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம கோயில் கொடைத் திருவிழாவுல நம்ம ஆளுக எல்லாரும் கூடுவாவ. நீ மேடைக்கு வந்து, தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்த மைக்குல சொல்லிரணும். அதோட முடிஞ்சிரும்னு தலைவர் சொல்லுதாவ."

"அவ பொய்யா சொன்னா?" என்றாள் சங்கரேஸ்வரி. இதுவரைக்கும் இந்த விஷயத்தில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. "பொய் சொன்னப்போ வீடியோவ ஊரு பூரா அனுப்புனீய. உண்மையச் சொன்னதுக்கு மன்னிப்பு கேக்கணுமா?"

"நீ சும்மா இரு."

ஜெயபிரியா அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மைக்கு என் கையில குடுப்பாவளாப்பா?"

"ஆமா. மேடைல நின்னுதான் சொல்லணும்."

"எல்லாரும் இருப்பாவளா?"

"ஊரே இருக்கும்."

"சரிப்பா, வாரேன். நேத்து இங்கிலீஷுல சொன்னேன். நம்ம ஆளுவள்ள பாதிப் பேருக்கு வெளங்கியிருக்காது. வெள்ளிக்கிழம தமிழ்ல சொல்லுதேன். இசக்கி அண்ணன அடிச்சவனுவ மேடைக்கு முன்னாலதான இருப்பானுவ. அவனுவளுக்கும் வெளங்கட்டும்."

பேச்சிராஜ் மகளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் எழுந்து, கைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அவர் குரல் வீட்டுக்குள் கேட்டது.

"அண்ணாச்சி, நாந்தான். வெள்ளிக்கிழம வேண்டாம் அண்ணாச்சி. பிள்ளைக்கு நல்ல காய்ச்சல். கண்ணயே தொறக்க மாட்டேங்கா. ஆமா, ஆமா, அந்த மைக்கு வெவகாரத்த அப்படியே விட்ருங்க."

ஜெயபிரியா வாசல் வரைக்கும் வந்தாள். போனில் இருப்பவருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்குக் காய்ச்சல் இல்லப்பா."