ஒரு நூல் தண்ணீர்

அணை கட்டி முடித்த மூன்றாம் வருடத்திலிருந்து, அளவுக்காரரின் மனைவி இறங்கினால் ஏரி அவளைச் சுற்றி எட்டடி பின்வாங்கியது. வேறு யாருக்கும் பின்வாங்கவில்லை. முதலில் வாயைப் பிளந்த துணி துவைக்கிற பெண்கள், நாலே நாளில் "அந்தாண்ட போய் நில்லும்மா, அலச தண்ணி இல்ல" என்று விரட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அணைக்கு முன்னால் ஏரி வருடாவருடம் தானாகவே வற்றும். தண்ணீர் விலக விலக, ஜனங்கள் பின்னாலேயே போய் ஈரச் சேற்றில் பயறு விதைப்பார்கள். உழவெல்லாம் கிடையாது. புருஷன் பின்பக்கமாக நடந்து குதிகாலால் குழி போட, பெண்டாட்டி எதிரே குனிந்து வந்து விதை போட்டு மூடுவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியேதான் விதைப்பு முழுக்க நடக்கும். பாதிச் சண்டை அங்கே தீரும், மீதி அங்கே பிறக்கும். அணை வந்தபின் ஏரி ஒரே மட்டத்தில் நின்றுவிட்டது. மேட்டில் நிலம் உள்ளவர்கள் மோட்டார் வைத்துக் கரும்பு போட்டார்கள். நிலம் மூழ்கியவர்களில் அவள் புருஷனுக்கு அணையில் நீர்மட்டத்தை அடி, அங்குலம், அதிலும் எட்டில் ஒரு பங்கான நூல் வரை பார்த்து எழுதும் வேலை கிடைத்தது. நாலு மணி நேர பஸ். மாதம் ஒருமுறை வந்தார், பிறகு அதுவும் இல்லை. "குவார்ட்டர்ஸ் இருக்கு, வந்துடு" என்பார் போனில். "நிலத்த விட்டுட்டா?" என்பாள். "நிலம் எங்கடி இருக்கு?" என்பார்.

எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் அவள் ஏரிக்குள் இறங்கி, மூழ்கிய தன் வயலுக்கு நடுவில் தண்ணீர் விலகிய இடத்தில் கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டாள். குழியும் அவளே, விதையும் அவளே. எதிரே முகம் இல்லாததால் வரிசை கோணலாகப் போனது. பயறு முளைத்துவிட்டது, இனி நகர முடியாது. படகுக்காரர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். அணையில் இருக்கிற மனுஷனுக்கு நம் ஞாபகமே இல்லையோ என்று நினைத்து நினைத்து அழுதாள். இருபதாம் நாள் காய்ச்சலில் விழுந்தவளைப் படகுக்காரர் கரை சேர்த்தார். தண்ணீர் பயிரை மூடிக்கொண்டது.

மறுநாள் மதியம் புருஷன் பையும் கையுமாக வாசலில் நின்றார்.

"நேத்து பத்து மணிக்கு ஏன் கரை ஏறுன? உடம்புக்கு என்ன?"

"யார் சொன்னா உங்களுக்கு?"

"யார் சொல்லணும்? நீ இறங்குன அன்னிக்கு அளவுகோல்ல ஒரு நூல் ஏறுச்சு. நேத்து பத்து மணிக்கு இறங்கிடுச்சு."

"ஆபீஸ்ல கேக்கலியா?"

"கேட்டாங்க. எங்க வீட்டுக்காரி ஏரியில இருக்கான்னேன். எழுதிக்கிட்டாங்க."

"இருபது நாளா தெரிஞ்சும் வரணும்னு தோணலியா?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தெனம் காலையில எந்திரிச்சதும் உன்னத்தான போய்ப் பாத்தேன்."

காய்ச்சல் விட்டதும் மிச்ச விதையை மடியில் கட்டிக்கொண்டு அவள் கரைக்கு வந்தாள். அவர் பேன்ட்டை மடித்து, ஏரிக்கு முதுகைக் காட்டி, திரும்பிப் பார்க்காமல் குதிகாலை ஊன்றிப் பின்னால் நடந்தார். அவள் எதிரே குனிந்தாள். மூன்றாவது வரிசையில் சண்டை ஆரம்பித்தது. அன்று நீர்மட்டம் இரண்டு நூல் ஏறியிருப்பதாக அணையில் மாற்று ஆள் எழுதிவைத்தார்.