எண்ணெய்க் கையும் தோல் பவளமும்

சங்கிலிப்பாண்டி பட்டாளத்தில் கடைசி மூன்று வருடம் அந்தமானில் இருந்தார். அங்கே கடலுக்கடியில் பார்த்த பவளத்தின் மேல் பிடித்த பைத்தியம், இலத்தூருக்குத் திரும்பியும் தெளியவில்லை. முன்னறையில் கட்டில் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து உப்புத்தண்ணீர் நிரப்பினார். வாங்கிப் போட்ட இரண்டு பவளமும் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதாக ஒரு தோல் பவளத்தைக் கொச்சியிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வந்தபோது, மனைவி ஆனந்தவள்ளி கறாராகச் சொல்லிவிட்டாள்.

“இதும் செத்துச்சுன்னா தொட்டி வெளிய போயிரணும். அந்த எடத்துல என் தையல் மெஷினைப் போட்டுருவேன்.”

அது சாகவில்லை. காளான் குடை மாதிரி விரிந்து, மேலெல்லாம் பொடிப்பொடியாக விரல் நீட்டி ஆட்டியது. மனுஷர் சோறு தண்ணி மறந்து அதன் முன்னால் உட்கார்ந்தார்.

ஆனியில் சாரல் பிடித்தது. உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழியத் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் ஒரு மணி நேரம் நின்றார். அருவி அடித்த அடியில் எண்ணெய் போயிருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. வீட்டுக்கு வந்ததும், சரிந்திருந்த கல்லை நிமிர்த்தத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டார்.

மறுநாள் தண்ணீர் மேல் எண்ணெய் மினுங்கியது. பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, சுருங்கி, மெழுகு பூசினாற்போல் கிடந்தது. இதுவும் போய்விட்டது என்றே அவர் நினைத்தார். தொட்டியைத் துண்டு போட்டு மூடி, “அதுக்கு வெளிச்சம் ஆகாதாம்” என்று மனைவியிடம் புளுகினார்.

ஐந்தாம் நாள் மனம் விட்டுப்போய், செங்கோட்டை அகமது கபீரைக் கூப்பிட்டார். தொட்டியை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். வண்டியோடு வந்துவிட்டார்.

“தூக்கிரலாமா அண்ணாச்சி?”

“எதைத் தூக்கணும்?” ஆனந்தவள்ளி அடுக்களையிலிருந்து வந்தாள்.

“தொட்டியத்தான். அது செத்துப்போச்சு வள்ளி. எண்ணெக் கையோட நாந்தான்…”

“தெரியும். நீங்க பால் வாங்கப் போகும்போதெல்லாம் தண்ணி மேல பேப்பரை விரிச்சு எண்ணெய ஒத்தி எடுத்தது யாரு? ஒருநாளாவது துண்டைத் தூக்கிப் பாத்தியளா?”

பார்க்கவில்லை. பயம்.

அவள் துண்டை உருவினாள். மெழுகுத் தோல் கிழிந்து தொங்கியது. அடியில் புதுத் தோலில் நாலைந்து விரல்கள் நீண்டு அசைந்தன.

“சட்டை உரிக்குது, அவ்வளவுதான். அதுக்குள்ள ஆளைக் கூப்பிட்டுட்டிய.” அவள் துண்டை மடித்தாள். “மத்தியானம் நீங்க குறட்டை விடுதப்ப நான் அதுகிட்டத்தான பேசிக்கிட்டு இருக்கேன்.”

சங்கிலிப்பாண்டிக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின. கபீர் வண்டியைத் திருப்பப் போனார்.