2603: கமலவேணிக்குப் பிடித்த ஐந்து படங்கள்

பத்திலிருந்து ஆறு வரை

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் என் குரல் உயர்ந்தால் திடுக்கிட வேண்டாம்.

ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு பத்திரிகைக்கு ‘இந்த ஆண்டு எனக்குப் பிடித்த பத்துப் படங்கள்’ என்று எழுதித் தருவது என் வழக்கம். இந்த முறை ஆசிரியர் போனில், “படமெல்லாம் வேணாங்க. ஜப்பான் காலச் சிறப்பிதழ் போடுறோம். பசி, மரவள்ளிக்கிழங்கு, சயாம் ரயில்னு ஒரு கதை குடுங்க,” என்றார். அந்தக் காலத்துப் படங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். சிரித்தார்.

“அப்ப யாருக்குங்க படம் பாக்க மனசு வந்திருக்கும்?”

“கமலவேணிக்கு,” என்றேன். அவள் யார் என்று அந்த நிமிடம் எனக்கும் தெரியாது. வாயில் வந்த பெயர். போனை வைத்த பிறகு அவளை உண்டாக்க வேண்டியதாயிற்று.

ஆகவே இது அவளுடைய பட்டியல், என்னுடையது அல்ல. 2603 என்பது அன்று அலுவலகங்களில் எழுதச் சொன்ன ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, நமக்கு 1943; மலாயா அப்போது ஜப்பான்காரர்கள் கையில். இடம், மலாக்காவில் காஜா பேராங். அங்கே தகரக் கூரை போட்ட ஒரு படக்கொட்டகை. (எந்தச் சந்தில் என்று தேடிப் போகாதீர்கள். நானே கட்டியது.) பத்திலிருந்து ஆறு வரை காலியாக இருக்கிறது. எந்தப் படத்தை எல்லோரும் ரசிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து அறிவிப்பு வந்துகொண்டிருந்த வருஷம் அது. பிடிக்காததைப் பிடித்தது என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

ஐந்து: விமானி சீட்டியடிக்கும் படம்

‘மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் கமலவேணி—’

வேண்டாம். மழையை வைத்து ஆரம்பித்த கதைகள் ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கின்றன.

‘கமலவேணி ஓர் அபலை. போர் அவளுடைய—’

அபலையாவது! சரி, நேராகச் சொல்கிறேன். கமலவேணிக்கு இருபத்தாறு வயது. கொட்டகையில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பது அவள் வேலை. உள்ளே ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே, முன்னிருந்து பின்வரை ஒரு பச்சைத் துணி மறைப்பு தொங்கும். அதை எந்த ஆணும் தாண்ட மாட்டான். கமலவேணியின் அண்ணன் சுப்பையன், பாசாரில் விறகு வண்டி தள்ளுபவன், அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டான். தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் எழுந்து வெளியே போய், கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின் சந்துக்கு வந்து, பெண்கள் வாசலுக்கு நாலடி தள்ளி நின்று இருமுவான். அவள் எட்டிப் பார்ப்பாள்.

அந்த வருஷம் ஜப்பானியப் படங்கள்தான் அதிகம் வந்தன. பேச்சு யாருக்கும் புரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் விளக்க ஓர் ஆள் வைத்தார்கள். அவர்தான் ஷரீஃபுதீன். முன்பு மாட்டுவண்டியில் தமுக்கடித்துப் பட நோட்டீஸ் கொடுத்தவர், தொண்டை அப்படி. ஜப்பானிய மொழியில் ஒரு சொல் தெரியாது. அதிகாரிகள் கொடுத்த தாளை இரண்டு நாள் வாசித்தார்: விமானம் புறப்படுகிறது, விமானம் வெல்கிறது. கொட்டகை முழுக்கக் கொட்டாவி. மூன்றாம் நாள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, “இந்தப் பையன் சீட்டியடிக்கிறானே, யாருக்குன்னு நெனைக்கிறீங்க?” என்று ஆரம்பித்தார்.

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குண்டு போடப் போனவன் பெண் பார்க்கப் போனான். அதன் பிறகு அந்தக் கொட்டகையில், ஒன்றே ஒன்றைத் தவிர, ஒரு ஜப்பானியப் படமும் அதன் சொந்தக் கதையோடு ஓடவில்லை.

நான்கு: இரண்டாம் ரீல் இல்லாத படம்

பழைய தமிழ்ப் படம் ஒன்று, போருக்கு முன் வந்தது. இரண்டாம் ரீல் எங்கோ தொலைந்துவிட்டது. முதல் ரீலில் கதாநாயகி மாமியாருக்கு மோர் ஊற்றுகிறாள்; மூன்றாவதில் காட்டில் புலியோடு நிற்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்று காஜா பேராங்கில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். மாமியார்தான் புலி என்பது கமலவேணியின் கட்சி.

(இதை வாசித்த என் நண்பர், “ரீல் இல்லாத படத்துக்கு நாலாவது இடமா?” என்றார். ஆமாம். ரசிகரை நம்பிய படம் அது ஒன்றுதான்.)

மூன்று: அரிசி களையும் படம் [அடித்து, மறுபடி எழுதியது]

இங்கேதான் கமலவேணி மீது எனக்குச் சந்தேகம் வந்தது. இது ஜப்பானியப் படம். கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தாய் குந்தி உட்கார்ந்து அரிசி களைகிறாள். அவ்வளவு அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காயிற்று அந்தக் கூட்டத்துக்கு. தண்ணீர் வெள்ளையாக வழிந்தது. ஷரீஃபுதீன் கதை சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

ஜப்பான்காரர்கள் படத்தைப் போய்ப் பிடித்தது என்று எழுதலாமா? நான் அடித்துவிட்டேன். அவள் மறுபடி எழுதினாள். கெட்டவர்கள் கொண்டுவந்த நல்ல படம், நல்ல படம்தான் என்கிறாள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. எப்படியோ, அவள் எழுதியதே இருக்கட்டும்.

இரண்டு: இனாம் படம்

ஒரு மத்தியானம் தமிழர்களுக்கு இனாமாகப் படம் என்று அறிவித்தார்கள். குடும்பத்தோடு வரலாம். கொட்டகை நிரம்பியது. சுப்பையன் ஆண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் இருந்தான்.

விளக்கு அணைந்ததும் கமலவேணி காற்று வாங்க வெளியே வந்தாள். சந்து முனையிலிருந்து பெரிய ரோடு தெரிந்தது. உடனே உள்ளே திரும்பி, இருட்டில் தட்டித் தடவி ஷரீஃபுதீன் நின்ற இடத்துக்கு ஓடினாள்.

“பாய், முன்னால நாலு லோரி நிக்குது. பெரிய கதவுல சங்கிலி போடுறானுங்க.”

“நல்லாப் பாத்தியா, தங்கச்சி?”

“பாத்தேன். சயாமுக்குத்தான், ரயில் பாதை போட. போன மாசம் ரப்பர் தோட்டத்துலயும் இப்படித்தானே படம் காட்டி ஆம்பளைங்கள அள்ளிக்கிட்டுப் போனானுங்க. என் வாசலுக்கு மட்டும் சங்கிலி போடல. பொம்பளைங்க பக்கம்னு விட்டுட்டானுங்க.”

“எப்படிச் சொல்றது? கத்துனா கூட்டம் மெரளும். பின்னால ஜப்பான்காரன் ஆபீஸ்ல எழுதுற கிராணி வேற உக்காந்திருக்கான். அவனுக்குத் தமிழ் தெரியும்.”

“தமிழ் தெரியும். கதை கேக்கத் தெரியாது. நீங்க கதையிலயே சொல்லுங்க, பாய்.”

(இந்த இடத்தில் ஷரீஃபுதீனின் கால் நடுங்கியது என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நடுங்கியிருக்கும், ஆனால் இருட்டில் யாரும் பார்க்கவில்லை.)

திரையில் படைவீரர்கள் அணிவகுத்துப் போனார்கள். ஷரீஃபுதீன் தொண்டையைச் செருமினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! ராஜா மாப்பிள்ளைமாரையெல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டிருக்காரு. இனாம் விருந்து! உள்ள வந்ததும் கோட்டைக் கதவுக்குச் சங்கிலி போட்டாச்சு. வாசல்ல நாலு தேரு நிக்குது. நாலுக்கும் ரப்பர் சக்கரம்! ஏறுனா சயாம் தேசம். போன மாப்பிள்ளை ஒருத்தன் திரும்பி வந்ததா நீங்க கேட்டிருக்கீங்களா?”

ஆண்கள் பக்கம் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். கிராணி பின்னாலிருந்து சிரித்தான். ராஜா கதை அவனுக்குப் பிடித்திருந்தது போலும்.

“ஆனா ராஜா ஒண்ணு மறந்துட்டாரு. அந்தப்புரத்துக்கு ஒரு வாசல் இருக்கு! தாய்மார்களே, வழி விடுங்க! மாப்பிள்ளைங்களா, ஓடாம, சத்தம் போடாம, ரெண்டு ரெண்டு பேரா எந்திரிங்க!”

எழுந்தார்கள். எழுந்து, பச்சை மறைப்பு வரை வந்து, நின்றுவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது. வெளியே நாலு லோரி. உள்ளே அறுபது ஆம்பிளைகள், பெண்கள் பக்கம் எப்படிப் போவது என்று கூச்சப்பட்டுக்கொண்டு!

பீவி என்ற பெண், கடைசி வரிசையில் பிள்ளையோடு இருந்தவள், மறைப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கிழித்தாள். “வாங்கய்யா, எங்களுக்கு ஒண்ணும் தேய்ஞ்சு போயிடாது!”

ஒன்று:

கமலவேணி தன் வாசலை விரியத் திறந்தாள். பட்டப்பகல் வெயில் நேராகத் திரையில் விழுந்தது. படைவீரர்கள் மறைந்துபோனார்கள், கொடி மறைந்தது. வெறும் வெள்ளைத் துணி. அதன் முன்னால் ஆண்கள் இருவர் இருவராகச் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஷரீஃபுதீன் நிறுத்தாமல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். வெளிச்சம் வந்த பிறகுதான் கிராணிக்குக் கதை புரிந்தது. அவன் எழுந்து முன் கதவைத் தட்டுகிறான். சங்கிலி அவனுக்கும் சேர்த்துத்தான் போட்டிருந்தது. அவிழ்க்கக் கொஞ்ச நேரமாகும்.

சுப்பையன் வரிசையில் கடைசி. கிழிந்து கிடக்கும் பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் நிற்கிறான். தாண்டவில்லை. பழக்கத்தில், எந்தப் பக்கமாகச் சுற்றி வரலாம் என்று பார்க்கிறான்.

இனி முடிவு. ஆசிரியர் கேட்ட முடிவை எழுதிப் பார்த்தேன்: ‘சுப்பையனை லோரியில் ஏற்றினார்கள். சயாமிலிருந்து அவன்—’ முடியாது. அது சங்கிலி போட்டவர்கள் எழுதிய முடிவு. அதை நான் நகலெடுக்க மாட்டேன். இன்னொன்று: ‘சுப்பையன் தப்பித்து உஜோங் பாசிரில் ஒரு மீனவர் குடிசையில்—’ அதுவும் எழுத வரவில்லை. அண்ணன் திரும்பாத வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ. அந்த வீட்டார் முகத்தைப் பார்த்து இவ்வளவு சுலபமாக ஒருவனை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பட்டியலின் கடைசி வரியைப் பழைய பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் கமலவேணி இப்படி எழுதியிருக்கிறாள்: ‘முதலிடம்: படம் தெரியவில்லை. வெளிச்சம் அதிகம். ஆனாலும் இதுதான்.’ அண்ணனைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டால், அதைக் கதை எழுதுகிற நான்தான் சொல்ல வேண்டும் என்கிறாள். நானோ உங்களைப் பார்க்கிறேன்.

“அண்ணே! வெக்கத்தைப் பொறவு பாத்துக்கலாம். கால எடுத்து வை!” என்று அவள் கத்துகிறாள். முன் கதவில் சங்கிலி அவிழும் சத்தம் கேட்கிறது. அவன் பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, துணியின் மேல் கால் வைக்கிறான்.

இவ்வளவு நேரமும் எங்கே நின்று இதையெல்லாம் பார்த்தீர்கள்? பெண்கள் வாசலில்தானே? கொஞ்சம் நகருங்கள். ஆள் வருகிறது.