விளக்கேற்றுமுன் உலை

கீழ்வானில் செம்மை படர, அண்ணாமலையின் முடிமேல் கிடந்த வெண்மேகம் மெல்லக் கலைந்து பாறைமுகங்கள் ஒவ்வொன்றாய்த் துலங்க, கோபுரங்களில் அடைந்திருந்த புறாக்கள் திரளாய் எழுந்து நகரின்மேல் ஒருமுறை வளைந்து திரும்பிய வைகறையில், வேங்கிக்காலில் தன் வீட்டு வாயிலில் நின்ற சரக்குந்தின்மேல் அமர்ந்து சகாதேவன் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான். கீழிருந்து கூழ்ச்செம்பை நீட்டிய மனைவி உண்ணாமலையிடம், ஒரு வாய் பருகியபின், "உப்பு ஜாஸ்தி" என்றான்.

"நாளையிலருந்து நீங்களே கரைச்சுக்குங்க" என்றாள் அவள்.

அவன் சிரித்து, எஞ்சியதையும் பருகிவிட்டு, உந்தின் இடப்பக்கக் கதவை வழக்கம்போல் இருமுறை இழுத்துச் சாத்திப் புறப்பட்டான். அன்று நண்பகலில், யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியின் நடுவே, தோளில் சுமந்த மரப்பேழையைக் கீறல் படாமல் இறக்கிவைத்து, அதன்மேலேயே சாய்ந்தவன் பின்னர் எழவில்லை.

படிப்போரே, அவன் நடத்திய இல்லப்பெயர்ச்சித் தொழிலின் வரலாறு நெடியதன்று. மாவட்ட அலுவலகங்களைச் சூழப் புதுமனைகள் பெருகி, பணிமாற்றம் பெற்றோர் பறவைகள்போல் ஆண்டுதோறும் வருவதும் போவதுமாய் இருந்த நாளில், வாடகைக்கு எடுத்த மூன்றுருளி வண்டியோடு தொடங்கி, பதினோராண்டில் சொந்தச் சரக்குந்தும் அதை ஓட்ட ஒருவனும் சுமக்க நான்கு ஆட்களுமாய் வளர்ந்தது அது. அவர்களுக்கென ஒரு முறை இருந்தது. சமையலறைப் பொருள்களைக் கடைசியில் ஏற்றுவர், முதலில் இறக்குவர். கட்டிலும் பேழையும் எங்கே கிடந்தாலும், விளக்கேற்றும் வேளைக்குமுன் புதுவீட்டில் உலை கொதித்தாக வேண்டும். அம்முறை ஒருநாளும் தவறியதில்லை.

நாற்பதாம் நாள் கழிந்ததும் சகாதேவனின் தமையன் காசி வந்து, சரக்குந்தை வாங்க ஆள் பார்த்துவிட்டதாய்க் கூறினார். கெட்டவர் அல்லர், தம்பியின் இழப்பால் அஞ்சியவர்.

"ஒரே ஒரு வேலை எடுத்துப் பாக்கறேன் மாமா" என்றாள் உண்ணாமலை. "அடுப்பெரிய நேரமாச்சுன்னா, நீங்களே வித்துடுங்க."

அந்த ஒரு வேலை, செங்கம் சாலையில் ரமணாசிரமத்தையும் மலைவலப் பாதையையும் தாண்டி வாடகைக்கிருந்த ஆசிரியை அருணாதேவியினுடையது. வேற்று மாவட்டத்திலிருந்து அண்மையில் வந்த அவர், அடி அண்ணாமலையில் கட்டிய புதுமனைக்குக் குடிபோக நாள் குறித்துத் தந்தார், உண்ணாமலை ஒப்புக்கொண்டாள். பிழை அங்கேதான் நேர்ந்தது. பதினோராண்டும் நிறைமதி நாள்களைச் சகாதேவன் எங்கும் எழுதிவைக்காமல் நெஞ்சிலேயே விலக்கிவைத்திருந்தான். துயர்வீட்டிலோ நாள்கள் பெயரிழந்து ஒன்றன்பின் ஒன்றாய் வழிந்துபோயிருந்தன. பொருள்களை ஏற்றிக்கொண்டு, வெயில் சாயத்தொடங்கிய பொழுதில் மலைவலப் பாதை பிரியும் முனையை அடைந்தபோது, குறுக்கே தடுப்பு நின்றது. அப்பால், வெண்மணல் ஆறு ஊர்வதுபோல் வலம்வருவோர் பெருந்திரள் சென்றுகொண்டிருந்தது.

"பௌர்ணமிம்மா இன்னைக்கு. நாளைக்குக் காலையிலதான் வண்டி போகும்" என்றார் காவலர்.

உண்ணாமலை, உந்தோட்டும் முருகவேலைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலைகவிழ்ந்தான். "அண்ணி தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன். எப்படிக் கேக்கறதுன்னு உட்டுட்டேன்."

உடன்வந்த அருணாதேவி அவள் கையைப் பற்றினார். "பரவாயில்லைங்க, நாளைக்கே வெச்சுக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

"நான் சொல்லுவேங்க" என்றாள் உண்ணாமலை.

சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகி, சரக்குந்தின் பின்கதவைத் தானே திறந்தாள். கடைசியில் ஏற்றிய சமையலறை முன்னே இருந்தது. பாதி தீர்ந்த எரிவளிக் கலனை முருகவேல் தோளில் ஏற்ற, அடுப்பை ஒருவனும், பாத்திர மூட்டையை ஒருவனும், தண்ணீர்க் குடத்தை ஒருவனும் சுமக்க, நான்காமவனைப் பொருள்களுக்குக் காவலாய் நிறுத்தி, அரிசிப் பானையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, அத்திரளுக்குள் இறங்கினாள். பருப்பும் புளியும் நிறைந்த பையோடு அருணாதேவி பின்தொடர்ந்தார்.

பானையையும் அடுப்பையும் கண்ட அடியார்கள், அன்னதானம் செய்யப் போகின்றனர் எனக் கருதி மகிழ்ந்து வழிவிட்டனர். முதியவர் ஒருவர் கூடவே விரைந்து நடந்து, "புளியோதரையா, பொங்கலாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் உலையே வெக்கலைங்க பெரியவரே" என்றான் முருகவேல், மூச்சிரைக்க. "அடுத்த சுத்துல வாங்க."

சுற்றிலும் சிரிப்பெழுந்தது. உண்ணாமலையும், கணவன் போனபின் முதன்முறையாய், தன்னை அறியாமல் சிரித்தாள். சிரித்த உடனே கண் நிறைந்தது. தலையிலிருந்த பானையைப் பிடித்த கையை எடுக்க இயலாமையால் கண்ணீரைத் துடையாமலே நடந்தாள். கழுத்து கடுத்தது, வெறுங்கால் எரிந்தது, கதிரோ மரங்களுக்கிடையே விரைந்து இறங்கியது. மும்முறை முருகவேல் நின்று இளைப்பாற விழைந்தான். மும்முறையும் அவள் நில்லாமல் நடக்கக் கண்டு தானும் நடந்தான். அடி அண்ணாமலையில் புதுமனையின் படியேறி, அடுப்பை இணைத்து, அருணாதேவி நெருப்பைப் பற்றவைத்து, உலைநீர் சலசலத்து அரிசி பொங்கி எழுந்தபோது, அயல்வீடுகளில் இன்னும் விளக்கேற்றவில்லை.

மறுநாள் காலை வாங்குவோனை அழைத்துவந்த காசி, எஞ்சிய பொருள்களை இறக்கும்படி உந்தின்மேல் நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்த தம்பி மனைவியை நெடுநேரம் நோக்கினார். பின்னர், "அடுத்த வேலை எந்த ஊர்ல?" என்று கேட்டு, வந்தவனைத் திருப்பி அனுப்பினார்.

ஆண்டுகள் மூன்று கழிந்தன. துயர் அவளைவிட்டு நீங்கிற்றென உரைத்தல் பொய்யாகும். அதுவும் நாள்தோறும் அவளோடு எழுந்து பணிக்கு வருகிறது. ஆட்கள் எழுவராயினர், உந்தின் உருளைகள் மாறின, வண்ணமும் மாறிற்று. அதன் இடப்பக்கக் கதவு மட்டும் இன்றும் இருமுறை இழுத்துச் சாத்தினால்தான் மூடுகிறது.